பிளேன்டியை வைத்துக் கடையை அறிவது

இலங்கை மலைநாட்டில் பழக்கமில்லாத ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தால் முதலில் ஒரு பிளேன்டி, அதாவது வெறுந்தேத்தண்ணி, சொல்லுங்கள். சாப்பாட்டைப் பிறகு பார்க்கலாம். பிளேன்டியில் பால் கிடையாது, மசாலா கிடையாது, ஒளித்து வைக்க ஒன்றும் கிடையாது. தண்ணீர், தேயிலைத் தூள், சீனி, அவ்வளவுதான். இந்த மூன்றையும் சரியாகச் சேர்க்கத் தெரியாத அடுப்படி கொத்து ரொட்டியை மட்டும் ஒழுங்காகப் போட்டுவிடும் என்று நம்ப எந்த நியாயமும் இல்லை.

இந்தச் சோதனையில் அதிகம் தோற்பவை புதுக் கஃபேக்கள். எல்ல என்ற சுற்றுலா ஊரில் தொடங்கிய மோகம் கண்டிக்கும் நுவரெலியாவுக்கும் பரவி, இப்போது ஹட்டன் வரை எட்டிப் பார்க்கிறது. மரப்பலகையில் வெள்ளை எழுத்து மெனு, தோட்டத்தின் பெயர் போட்ட தேயிலை, கண்ணாடிக் கேத்தல், பக்கத்தில் குட்டி மணற்கடிகாரம். மெனுவின் பின்பக்கத்தில் ஜேம்ஸ் டெய்லரும், 1867-ல் லூல்கந்துரவில் அவர் நட்ட 19 ஏக்கரும் தவறாமல் இருக்கும். அந்தத் தேயிலையை எத்தனை நிமிடம் ஊறவைப்பது என்று கேட்டால் மட்டும் பரிமாறும் பிள்ளைக்குப் பதில் தெரியாது. வருவது ஒன்றில் வெளிறிய வெந்நீர், அல்லது நாக்கைப் பிடித்து இழுக்கும் கசாயம். எதிரே பஸ் நிலையத்துக் கடையில் அதைவிடப் பலமடங்கு மலிவான தூளில், அதைவிட நல்ல தேத்தண்ணி நுரைத்துக்கொண்டிருக்கும்.

கோளாறு பெரும்பாலும் தூளில் இல்லை. தண்ணீரில் இருக்கிறது. தண்ணீர் 100 பாகையில் கொதிப்பது கடற்கரையில்தான். ஏறத்தாழ 300 மீற்றர் ஏறினால் ஒரு பாகை குறையும். கண்டி 500 மீற்றர் உயரம், அங்கே 98 பாகைக்குச் சற்று மேல். ஹட்டனும் பண்டாரவளையும் 1200 மீற்றரைத் தாண்டியவை, 96 பாகைதான். 1868 மீற்றரில் இருக்கும் நுவரெலியாவில் 94 பாகையிலேயே தண்ணீர் கொதித்துவிடும், அதற்கு மேல் எவ்வளவு விறகு வைத்தாலும் ஏறாது. அந்த 94 பாகைத் தண்ணீரை, 15 பாகைக் குளிரில் அலுமாரியில் இருந்த தடித்த பீங்கான் கேத்தலில் ஊற்றினால் ஊற்றிய மாத்திரத்திலேயே பத்துப் பாகை போய்விடும். தூள் பாதி விரிந்து நின்றுவிடும். கேத்தலைக் கொதிநீரால் ஒருமுறை கழுவி ஊற்றிவிட்டுத் தூள் போடுவதும், மூடியை மூடுவதும், கீழ்நாட்டுக் கணக்கைவிட ஒரு நிமிடம் கூட வைப்பதும் மேட்டு நிலத்தில் கட்டாயம். பழைய தேத்தண்ணிக் கடைக்காரர் கிளாஸைக் கொதிநீரில் சுழற்றிக் கொட்டிவிட்டுத்தான் சாயத்தை, அதாவது தூள் ஊறி இறங்கிய தண்ணீரை, ஊற்றுவார். கிளாஸும் சுத்தமாகும், சூடும் ஏறும். அவர் இதற்குப் பெயர் வைத்து மெனுவில் எழுதவில்லை.

அளவுக்கு வருவோம். தேயிலை ருசி பார்ப்பவர்களின் சர்வதேச நியமம் 100 மில்லிலீற்றருக்கு 2 கிராம், ஆறு நிமிடம். அது தேயிலையின் குறைகளை வெளியே இழுப்பதற்கான கடுமையான முறை, குடிப்பதற்கானதல்ல. கஃபேக்காரர்களில் சிலர் இதை எங்கோ படித்துவிட்டு அப்படியே பரிமாறுகிறார்கள். குடிப்பதற்கு 180 மில்லிலீற்றர் கோப்பைக்கு இரண்டரைக் கிராம் போதும். பி.ஓ.பி.எஃப். என்று பொதியில் எழுதியிருக்கும் சிறு துகள் தேயிலையில் மட்டமாக எடுத்த ஒரு தேக்கரண்டி கிட்டத்தட்ட அந்த அளவுதான். ஆனால் ஓ.பி. போன்ற பெரிய இலையில் ஒரு தேக்கரண்டி எடுத்தால் காற்றுதான் பாதி, எடை தேறாது. அதே கரண்டியால் எல்லா இலையையும் அளப்பது புதுக் கடைகளில் அடிக்கடி பார்க்கிற பிழை. நேரம், மிகச் சிறிய பொடியிலிருந்து பெரிய இலை வரை: டஸ்ட் ஒன்றரை நிமிடம், பி.ஓ.பி.எஃப். மூன்று, பி.ஓ.பி. நான்கு, ஓ.பி. ஐந்து. நுவரெலியாவில் டஸ்ட் தவிர மற்றதற்கெல்லாம் ஒரு நிமிடம் கூட்டுங்கள்.

இந்த எழுத்துகளைத் தரவரிசை என்று நினைப்பவர்கள் ஏராளம். அவை துகளின் அளவைச் சொல்லும் சல்லடைக் கணக்கு. ஒரே நாள், ஒரே மலை, ஒரே கொழுந்திலிருந்து பி.ஓ.பி.யும் வரும், டஸ்டும் வரும். டஸ்ட் என்றால் குப்பை என்ற எண்ணம் தவறு. பொடி சிறிதாக இருப்பதால் சாயம் வேகமாகவும் கனமாகவும் இறங்குகிறது. பால் ஊற்றிக் குடிப்பதற்கு அதுதான் வேண்டும். குப்பை வேறு, நாரும் காம்புமாகக் கழிக்கப்பட்டது. கையில் எடுத்துப் பார்த்தால் பழுப்பு நிறத்தில் லேசாக, பஞ்சு போலிருக்கும். நல்ல டஸ்ட் கறுப்பாக, மணல் போலக் கனமாக விரலிடுக்கில் ஓடும்.

இன்னொரு வேடிக்கை. ஹட்டனில் பறித்த கொழுந்து ஹட்டனிலேயே தூளாகி, கொழும்புக்கு இறங்கி, 1883-ல் தொடங்கிய அதே தேயிலை ஏலத்தில் விலைபோய், வேறு மலைத் தூள்களோடு கலந்து, பெட்டியில் அடைபட்டு மறுபடியும் மலையேறி வருகிறது. 600 மீற்றருக்குக் கீழே விளையும் கீழ்நாட்டுத் தேயிலைக்குச் சாயம் அதிகம், ஆகவே கடைத் தூளில் அது கலந்திருப்பது சாதாரணம். மலையில் இருந்து குடிப்பதாலேயே மலைத் தேயிலை குடிக்கிறோம் என்று ஆகாது. தனி மலையின் ருசி வேண்டுமென்றால் தொழிற்சாலை விற்பனைக் கூடத்தில் பொதி வாங்க வேண்டும், அதுவும் காலம் பார்த்து. ஹட்டன், தலவாக்கலை உள்ள திம்புளைப் பக்கத்துக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. பண்டாரவளை உள்ள ஊவாப் பக்கத்துக்கு ஜூலை முதல் செப்டம்பர் வரை, மலையின் மறுபக்கத்தில் மழையைக் கொட்டிவிட்டு வரும் காய்ந்த காற்று கொழுந்தை வாட்டும் காலம். அந்த ஊவாத் தூளில் லேசான மென்தோல் வாடை இருக்கும். பால் ஊற்றினால் அது போய்விடும்.

நுவரெலியாத் தூளுக்கு நேர்வது இதைவிடக் கொடுமை. அதன் சாயமே வெளிர்பொன் நிறம்தான். பார்த்தவுடன் "சாயம் பத்தல" என்று வாடிக்கையாளர் முறைப்பாடு சொல்வார் என்று பயந்து, எட்டு நிமிடம் ஊறவைத்துத் தருகிறார்கள். நிறம் அப்படியும் ஏறாது, துவர்ப்பு மட்டும் ஏறும். அதைச் சீனியால் சரிக்கட்ட முடியாது. நிறத்தைப் பற்றி இன்னொரு சங்கதி: நல்ல கனமான பிளேன்டி ஆறும்போது மேலே கலங்கி, பால் கலந்ததுபோல மங்கும். குளிர் ஊரில் இது சீக்கிரம் நடக்கும். கழுவாத கோப்பை என்று சண்டைக்குப் போக வேண்டாம், சாயத்திலுள்ள சத்துகள் குளிரில் ஒன்றோடொன்று சேர்வதால் வருவது அது. தேயிலைக்காரர்கள் அதைப் பலத்தின் அடையாளமாகத்தான் பார்ப்பார்கள். சூடாக்கினால் தெளிந்துவிடும்.

பால் தேத்தண்ணியில் பழைய கடையை வெல்ல ஆளில்லை. அம்பேவலையில் மாடுகள் பக்கத்திலேயே மேய, இங்கே பால்மா டின்னைத் திறப்பானேன் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். பசும்பாலில் பெரும்பங்கு தண்ணீர். அதை ஊற்றினால் சாயமும் இளகும், சூடும் இறங்கும், 94 பாகையில் தொடங்கிய ஊரில் கிளாஸ் கைக்கு வரும்போது வெதுவெதுப்புதான் மிஞ்சும். பால்மா இரண்டையும் கெடுக்காது. செய்கை இதுதான்: கிளாஸில் குவித்த இரண்டு தேக்கரண்டி பால்மா, இரண்டு தேக்கரண்டி சீனி. முதலில் இரண்டையும் உலர்வாகவே கலக்க வேண்டும், சீனிப் பரல்கள் மாவைப் பிரித்து வைக்கும். அதன்மேல் சாயம் இரண்டு மேசைக்கரண்டி மட்டும் விட்டுப் பசையாகத் தேய்க்க வேண்டும். பிறகுதான் மிச்சச் சாயம், 150 மில்லிலீற்றர் வரை. எல்லாவற்றையும் ஒரேயடியாக ஊற்றிக் கலக்கினால் மா கட்டிபட்டு அடியில் உருண்டையாக நிற்கும், கடைசி மிடறில் தெரியும். பின்பு கை உயர்த்தி இரண்டு தரம் ஆற்றுவது நுரைக்காக. நான்கைந்து தரம் ஆற்றுவது காட்சிக்காக, சூடு போய்விடும்.

சாயத் துணிப்பையைக் கவனியுங்கள். ஒரு நல்ல கடையில் அந்தப் பை மணிக்கொருதரமாவது காலியாகிப் புதுத் தூள் விழும். மத்தியானம் போட்ட தூளிலேயே மாலை ஐந்து மணிக்கும் கொதிநீர் ஊற்றிப் பிழிகிற கடையில் சாயம் கறுப்பாக இருக்கும், மணம் இருக்காது. இஞ்சிப் பிளேன்டி கேட்டால் இஞ்சியை அப்போதே தட்டுகிறார்களா என்று பாருங்கள். காலையில் தட்டி ஊறவைத்த இஞ்சித் தண்ணீர் எரிக்கும், மணக்காது. சீனியைக் கலக்காமல் உள்ளங்கையில் வாங்கி, அல்லது கித்துள் கருப்பட்டித் துண்டைக் கடித்துக்கொண்டு குடிப்பது பிளேன்டியின் ருசி தெரிய நல்ல வழி. கஃபேயில் கருப்பட்டி தனித்தட்டில் வரும், அதற்குத் தனி விலை.

குளிரின் வேலை தேத்தண்ணியோடு நிற்பதில்லை. நுவரெலியாவில் தோசை சுடுவது கண்டியில் சுடுவதுபோல அல்ல. மா புளிக்க 27 முதல் 30 பாகை வேண்டும். கண்டியில் இரவு அரைத்து வைத்தால் காலையில் பொங்கியிருக்கும். நுவரெலியாவில் அதே மா காலையில் வைத்தபடியே முழித்துக்கொண்டிருக்கும். தெரிந்த கடைகள் செய்வது: அரைக்கும் தண்ணீர் கைபொறுக்கும் சூட்டில், அரிசி மூன்றுக்கு உளுந்து ஒன்று, வெந்தயம் ஒரு தேக்கரண்டி, உப்பைப் புளித்த பிறகு போடுவது, அண்டாவைச் சாக்கால் சுற்றி அடுப்புக்குப் பக்கத்தில் பதினாறு பதினெட்டு மணித்தியாலம் வைப்பது. தெரியாதவை, அல்லது அவசரக் கடைகள், அப்பச்சோடா போடுகின்றன. கண்டுபிடிப்பது சுலபம். இட்லி மஞ்சள் சாயல் காட்டும், மெல்லும்போது மெலிதான சவர்க்கார வாடை வரும். அம்பாள்ஸ் போன்ற நுவரெலியா சைவக் கடைகளுக்குக் காலையிலேயே போவது நல்லது என்பதற்குக் காரணம் கூட்டம் மட்டுமல்ல. புளித்த மா ஒரு நாளுக்கு அளவாகத்தான் இருக்கும், குளிரில் அவசரத்துக்கு இன்னொரு அண்டா பொங்க வைக்க முடியாது.

அப்பத்துக்கும் இதே கதை. ஈஸ்டை வெதுவெதுப்பான இளநீரில் சீனியோடு எழுப்பிவிட்டு மாவில் சேர்க்க வேண்டும், தேங்காய்ப்பாலைப் புளித்த பிறகு. முதலிலேயே பாலை ஊற்றிவிட்டால் இரவு முழுக்க வைத்த மாவில் பால் திரிந்த வாடை அடிக்கும்.

இனி ரொட்டி. கொழும்பு மெனுக்களிலும் எல்லக் கஃபேக்களிலும் இன்று அது "எஸ்டேட் ரொட்டி". தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயத்தில் அது வெறும் ரொட்டி. இரண்டும் ஒரே சாமானல்ல. கஃபே ரொட்டி உள்ளங்கை அளவு, தேங்காய்ப்பூ நிறைய, மேலே பட்டர் உருகும். தோட்டத்து ரொட்டி தட்டளவு பெரிது, விரல் தடிப்பு, தேங்காய் பேருக்கு. அது ருசிக்காக வைத்த அளவில்லை. தென்னை இந்த உயரத்தில் காய்க்காது, ஒவ்வொரு தேங்காயும் கீழேயிருந்து காசுக்கு வருவது. மாவும் அப்படியே. 2022-ல் கோதுமை மா விலை பல மடங்கு ஏறியபோது கொழும்பில் பாண் விலை பற்றிப் பேசினார்கள். காலையில் ரொட்டி சுட்டுப் பையில் போட்டுக்கொண்டு கொழுந்து பறிக்க மலைக்குப் போகிறவர்களுக்கு அது ஒரு வேளைச் சாப்பாடே போன கணக்கு. மெனுவில் "எளிய பாரம்பரிய உணவு" என்று எழுதுவோர் இதையும் ஒருதரம் யோசிக்கலாம்.

நல்ல ரொட்டிக்கு 500 கிராம் கோதுமை மா, 150 கிராம் துருவிய தேங்காய், ஒன்றரைத் தேக்கரண்டி உப்பு, வெதுவெதுப்பான தண்ணீர் 220 மில்லிலீற்றர் அளவில். தேங்காய் இளசாக இருந்தால் தண்ணீர் குறையும், ஆகவே 180-ல் நிறுத்திப் பார்த்துச் சேர்க்க வேண்டும். தேங்காயையும் உப்பையும் உலர் மாவில் போட்டுக் கையால் பிசிறிய பிறகே தண்ணீர். சேர்ந்து வந்தவுடன் நிறுத்த வேண்டும். பரோட்டாவுக்குப் பிசைவதுபோலப் பிசைந்தால் ரொட்டி ஆறியதும் செருப்புத் தோலாகும். ஈரத்துணி மூடி அரை மணி. 120 கிராம் உருண்டைகளாக்கி, கையாலேயே தட்டி, எண்ணெய் விடாத தட்டில் நடுத்தர நெருப்பில் பக்கத்துக்கு நான்கு நிமிடம். கஃபேகளில் நடக்கும் பிழை நெருப்பைக் கூட்டுவது. மேலே கரும்புள்ளி அழகாக விழும், படத்துக்கு நன்றாக இருக்கும், பிய்த்தால் நடுவில் பச்சை மா. விளிம்பைச் செங்குத்தாக நிறுத்தித் தட்டில் உருட்டிச் சுடுகிறவர் கையில் வாங்கிய ரொட்டியில் இந்தக் குறை இருக்காது.

தொட்டுக்கொள்ளக் கட்டச்சம்பல். காய்ந்த மிளகாய் பதினைந்தையும் ஒரு தேக்கரண்டி உப்பையும் முதலில் இடிக்க வேண்டும், உப்புப் பரல் மிளகாயை அரைக்கும். அடுத்து ஒரு மேசைக்கரண்டி மாசிக் கருவாடு. கடைசியில் 100 கிராம் சின்ன வெங்காயம், அதை நசுக்கினால் போதும், அரையக் கூடாது. தேசிக்காய் பாதி, பரிமாறும்போது. பிளெண்டரில் போட்டால் வெங்காயம் தண்ணீர் விட்டுச் செம்மண் குழம்பாகிவிடும். சம்பல் கரண்டியில் வழிந்தால் அது பிளெண்டர்ச் சம்பல். சைவக்காரர்கள் மாசி போட்டதா என்று கேட்டுக்கொள்வது நல்லது, பல கடைகள் சொல்லாமலே போடும்.

கோதுமை மாவே வேண்டாம் என்றால் விவசாயத் திணைக்களத்தின் ஹெல போஜுன் கடைகள் இருக்கின்றன. பேராதனைக்குப் பக்கத்தில் கன்னொறுவையில் உள்ளது பிரபலம். பெண்கள் கண்முன்னே சுடுவார்கள், அரிசி மா, குரக்கன் மா, விலையும் மலிவு. அலங்காரம் ஒன்றும் இல்லை. பேக்கரிச் சிற்றுண்டியைப் பற்றிச் சொல்ல ஒன்றுதான்: கேட்காமலே ரோல்ஸ், கட்லட், பட்டிஸ் தட்டு மேசைக்கு வந்தால் பயப்பட வேண்டாம், எடுத்ததற்கு மட்டுந்தான் காசு. மாலை நான்கு மணித் தட்டில் சூடாக இருப்பதை எடுங்கள், காலையிலிருந்து மேசை மேசையாகச் சுற்றியதை விடுங்கள்.

குடிவகை பற்றியும் சுருக்கமாக. போயா எனும் பௌர்ணமி நாளில் நாடு முழுவதும் மது விற்பனை கிடையாது, பயணத் திட்டம் போடுகிறவர்கள் நாட்காட்டியைப் பார்க்க வேண்டும். 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு எந்த நாளும் கிடையாது. நுவரெலியாவின் ஹில் கிளப்பில் இரவுச் சாப்பாட்டுக்கு ஆண்கள் கோட்டும் டையும் அணிய வேண்டும் என்ற வெள்ளைக்காரன் காலத்து வழக்கம் இன்னும் உண்டு. 1876-ல் வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார் தொடங்கிய இடம் அது. அங்கே சாப்பாட்டைவிடச் சடங்குதான் விசேஷம். ஒருமுறை பார்க்கலாம், இரண்டாம் முறைக்கு வேலை இல்லை.

இரவானால் கொத்து. கண்டி முஸ்லிம் ஹோட்டல் மாதிரியான பழைய கடைகளில் தகடு அடிக்கும் சத்தம் தெருவுக்குக் கேட்கும். அதே சமையல்காரரை நுவரெலியாவுக்கு மாற்றினால் முதல் வாரம் தடுமாறுவார். தேங்காய் எண்ணெய் 24 பாகைக்குக் கீழே உறைந்துவிடும். மாவு உருண்டைகளை எண்ணெயில் ஊறவைத்து வீசுவதுதான் கொத்துக்குப் போடும் கோதாம்ப ரொட்டியின் உயிர். உறைந்த எண்ணெயில் ஊறிய மா விறைத்து, வீசும்போது நடுவில் கிழியும். உறையாத எண்ணெயில் ஊறவைப்பது, அல்லது உருண்டைத் தட்டை அடுப்போரம் வைப்பது இரண்டில் ஒன்று செய்தே ஆக வேண்டும். மாவுக்கு ஒரு கிலோவுக்கு 580 மில்லிலீற்றர் தண்ணீர், 18 கிராம் உப்பு, 90 கிராம் உருண்டை, குறைந்தது மூன்று மணித்தியால ஊறல்.

கொத்துக்கு அன்று மதியம் சுட்டு ஆறிய ரொட்டிதான் நல்லது. சுடச்சுட எடுத்த ரொட்டியைக் கொத்தினால் களியாகும். ஒரு பிளேட்டுக்கு மூன்று ரொட்டி, ஒரு முட்டை, லீக்ஸ் ஒரு பிடி, கோவா, கரட் கொஞ்சம், வெங்காயம், பச்சைமிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, கறிக்குழம்பு அரைக்கோப்பைக்கும் குறைவாக. லீக்ஸ் இந்த மலையின் சொத்து. ஆனால் இதழுக்குள் மண் ஒளிந்திருக்கும், நீளவாக்கில் பிளந்து கழுவாத கடையில் கொத்து நறநறக்கும். தட்டு நன்றாகக் காய்ந்த பிறகு முதலில் வெங்காயம், பிறகு முட்டையைத் தனியே உடைத்து உதிர்த்து, ரொட்டி, அதன்பின் மரக்கறி. லீக்ஸை முதலிலேயே போட்டால் தண்ணீர் விட்டு எல்லாவற்றையும் நனைக்கும். குழம்பு கடைசியில், மூன்று தவணையாக. ஒரேயடியாக ஊற்றினால் வெளியே சொதசொத, உள்ளே உலர்.

இப்போதைய மோகம் சீஸ் கொத்து. முக்கோணச் சீஸ் இரண்டு, பால் நான்கைந்து மேசைக்கரண்டி. அடுப்பை அணைத்துவிட்டுப் போட்டால் வழுவழுவென்று உருகிப் பிடிக்கும். எரியும் தட்டில் போட்டால் சீஸ் பிரிந்து எண்ணெய் தனியாக, திரள் தனியாக நிற்கும். கடைக்காரர் நெருப்பைக் குறைக்கிறாரா என்று பார்த்துவிட்டே சீஸ் சொல்லுங்கள். பார்சலாக எடுப்பதானால் மூடியை அரைவாசி திறந்து வைக்கச் சொல்ல வேண்டும். குளிரில் ஆவி மூடியில் பட்டு நீராகிச் சொட்டும், பத்து நிமிடத்தில் வீடு போய்ச் சேருமுன் கொத்து ஊறிவிடும்.